மலைக்கு மேல ஒரு துறைமுகம்

ஓம் ரீச்சர், ஸ்பானிசில புவேர்ட்டோ எண்டால் துறைமுகந்தான். அதுவே மலையில எண்டால் கணவாய். எனக்கும் இப்ப நல்லாத் தெரியும். தெரிஞ்சென்ன, இனி!

இல்லை, தேத்தண்ணி வேண்டாம். மோர்டனில எங்கட வீட்டில இருந்து ட்ரெயின் மாறி மாறி வந்த களைப்புத்தான். நீங்கள் இந்தியாத் தமிழெல்லோ, என்ர கதை விளங்குதோ? சரி, அப்ப சொல்லுறன்.

என்ர மகன் துஷாந்தன் ஸ்பெயினில வேலை. அங்க பியற்றிஸ் எண்டொரு பிள்ளையை விரும்பினவன். இவர், அவன்ர தேப்பன், குதிச்சார். வெள்ளைச்சியைக் கட்டினால் கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டு போனில கத்தினவர். நான் கெஞ்சி அழுது ஒருமாதிரி இளக்கிப்போட்டன். பிறகு புதுக் கோட்டெல்லாம் தைப்பிச்சவர், தெரியுமோ?

புவேர்ட்டோ டெல் லோபோவிலதான் கலியாணச் சேர்ச், கார் அனுப்பட்டோ எண்டு மகன் கேட்டவன். வேண்டாம், எனக்கு வரத் தெரியும் எண்டிட்டார். வீம்பு! போனில மேப்பைப் பாத்தால் அந்தப் பேரில ரெண்டு இடம். ஒண்டு கடற்கரையில, மற்றது மலைக்கு மேல. இவர் வல்வெட்டித்துறை ஆள். துறை எண்டால் கடல்தானேயப்பா, மலையில ஆர் கப்பல் விடுறான் எண்டு சிரிச்சார். நானும் சேந்து சிரிச்சனான்.

கலியாணத்தண்டு கடற்கரை ஊரிலயே போய் இறங்கினம். நான் பட்டுச்சீலை, கையில பியற்றிஸுக்கு வாங்கின கூறைச்சீலை. அந்த வெயிலுக்க நிக்கிறம், வள்ளங்களையும் வலையளையும் பாத்துக்கொண்டு. மகனுக்குப் போன் அடிச்சால் போகுதில்லை; மலைக்கு மேல சிக்னல் இல்லையாம். ஒரு கிழவன் சியரா, சியரா எண்டு தூரத்து மலையைக் காட்டினான். அந்தச் சொல்லும் பாருங்கோ, மரம் அரியிற வாளுக்கும் அதுதானாம்! மலைக்கு வாளெண்டும் கணவாய்க்குத் துறைமுகமெண்டும் பேர் வச்சால் வந்த சனம் என்ன செய்யிறது? டாக்சிக்காரனும் இண்டைக்குள்ள ஏலாதெண்டு கையை விரிச்சிட்டான்.

பொழுதுபட்டாப் பிறகுதான் மகன் போன் எடுத்தவன். வர விருப்பமில்லையெண்டால் சொல்லியிருக்கலாமேயம்மா எண்டான். நாங்கள் கடற்கரையில நிக்கிறம் எண்டு சொல்லச் சொல்ல, மலையில கலியாணம், கடலில என்ன செய்யிறீங்கள் எண்டு கேட்டுப்போட்டு வச்சிட்டான். வரமாட்டன் எண்டு கத்தின மனுசன்ர கதையை ஆர் நம்புவினம்? அதோட கன மாதமாப் பேச்சில்லை. என்னை நம்பாதவன் எனக்குப் பிள்ளையில்லை எண்டு இவரும் முறுக்கிக்கொண்டு நிக்கிறார். நடுவில நான்.

இல்லை ரீச்சர், ஆர் பிழையெண்டு கேட்க நான் வரேல்லை.

நேற்றுப் பியற்றிஸின்ர தாய் வீடியோக் கோல் எடுத்தவ. மகனுக்குத் தெரியாமல்தான் எடுத்திருப்பா. இங்கிலிஸ் ஒரு சொட்டும் வராது. போனைத் திருப்பிக் காட்டினா. துணியில சுத்தி ஒரு சின்ன முகம். நீன்யா, நீன்யா எண்டவ. அப்பிடியெண்டால் பொம்பிளைப்பிள்ளை தானே? ஓமோ... அப்ப சரி. அந்த முகத்தில நாடி அப்பிடியே இவர்தான். இவருக்கு இன்னும் சொல்லேல்லை.

நான் அழுதுபோட்டன். சம்மந்தி இண்டைக்குப் பின்னேரமும் எடுப்பா. ஒண்டே ஒண்டு சொல்லித் தாங்கோ ரீச்சர். கலியாணத்துக்கு நாங்கள் வந்தனாங்கள் எண்டு அவவின்ர பாசையில எப்பிடிச் சொல்லுறது?