மூன்றாவது தும்மல்

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர், எங்கள் தெருவின் தலைவலிக்கெல்லாம் தைலம் தரும் மருந்துக்கடை அண்ணன் அவர்களே! அறிவிலும் ஆண்டிலும் மூத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் என்னை முறைத்தபடி வீற்றிருக்கும் என் மாமியார் அவர்களே! அனைவருக்கும் இந்த மெத்தைக்கடை மருமகளின் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, வீட்டு மூடநம்பிக்கைகள். பேச எழுந்தேன். மூன்றாம் வரிசையில் ஒருவர் தும்மினார். தலைவர் என்ன சொன்னார்? "கொஞ்சம் உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பேசும்மா." மூடநம்பிக்கையை ஒழிக்க வந்தவளையே உட்கார வைத்துவிட்டது ஒரு தும்மல்! சிரிக்காதீர்கள். உள்ளங்கை அரித்தால் உள்ளுக்குள் மகிழாதவர் யார்? கண் துடித்தால் வலதா இடதா என்று விசாரிக்காதவர் யார்? நானும் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

நான் வாழ வந்த வீடு எப்படிப்பட்ட வீடு? முன்னறையில் பஞ்சு, பின்னறையில் பஞ்சு, மாடிப்படியில் பஞ்சு, மாமாவின் மீசையிலும் பஞ்சு! எனக்கோ தூசி என்றாலே ஆகாது. அத்தையின் சட்டமோ அசைக்க முடியாதது. கிளம்பும் நேரத்தில் ஒற்றைத் தும்மல் கேட்டால் திரும்பி வந்து உட்கார வேண்டும். இரட்டைத் தும்மல் என்றால் தாராளமாகப் போகலாம். என் பாழாய்ப்போன மூக்குக்கு ஒற்றைத் தும்மல்தான் வரும்.

மாமா மெத்தை கொடுக்கக் கிளம்புவார். ஹச்! திரும்பி வந்து உட்காருவார். என் வீட்டுக்காரர் வண்டியை உதைப்பார். ஹச்! இறங்கி வந்து உட்காருவார். மெத்தை வண்டியில் சொகுசாகப் படுத்திருக்கும், அதை வாங்கியவர் தரையில் படுத்திருப்பார்! வந்த வாடிக்கையாளர்களும் வேறு கடை பார்த்துப் போனார்கள். யாராவது பஞ்சைக் குறை சொன்னார்களா? ஒரு ஜன்னலையாவது திறந்தார்களா? இல்லை!

"இவ வந்ததுலேர்ந்து ஒரு காரியமும் உருப்படல. கொஞ்ச நாள் அவ அம்மா வீட்ல இருக்கட்டும்" என்றார் அத்தை.

தாய்மார்களே, அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நீளம் என்று உங்களுக்குத் தெரியும். போனால் போனதுதான். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. என் வீட்டுக்காரரோ அம்மாவுக்கு எதிரில் கொட்டாவி விடக்கூட வாய் திறக்காத வாயில்லாப் பூச்சி.

ஆட்டோ வந்து நின்றது. பெட்டியைத் தூக்கினேன். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. வாய் திறக்காத மனிதர் மூக்கைத் திறந்தார். ஹச்!

அசல் எது, போலி எது என்று எனக்கா தெரியாது? சுத்தப் போலி! ஆனாலும் ஒற்றைத் தும்மலாயிற்றே! அத்தை கையை நீட்டித் தடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிரை வாங்கியவர் யார்? என் அருமை மாமா! மகனுக்குத் துணை நிற்கிறேன் பேர்வழி என்று அவரும் ஒரு தும்மல் போட்டார். ஒற்றை இரட்டையாகிவிட்டது!

"அப்பா, காரியத்தையே கெடுத்தீங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் என் வீட்டுக்காரர்.

ஆட்டோக்காரர் விடுவாரா? "சகுனம் நல்லா இருக்கு, ஏறுங்கம்மா" என்றார்.

ஏறினேன். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. எப்போதும் மூக்கைத் துடைக்கும் கைக்குட்டையால் அன்று கண்ணைத் துடைத்தேன். அத்தை அதைப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹச்!

"மூணாயிடுச்சு, ஒத்தப்படை. என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? பெட்டிய எடுத்துக்கிட்டு உள்ள வா. நான் சொல்லல, சகுனம் சொல்லுது!"

பெரியோர்களே, வாசலில் பொட்டுப் பஞ்சு இல்லை. அத்தைக்குச் சளியும் இல்லை. பஞ்சிலேயே பழகிப்போன அந்த மூக்கு, அதற்கு முன்னும் பின்னும் தும்மி நான் பார்த்ததே இல்லை! மறுநாள் பின்னறை ஜன்னலையும் அவரே திறந்து வைத்தார்.

நம்பிக்கைக்கு வலிமை உண்டா என்கிறீர்களா? உண்டு! என்னைத் துரத்தியதும் அதுதான், தடுத்ததும் அதுதான்! ஆனால் தும்மியது யார்? விதியா? கிரகமா? இல்லை ஐயா, எங்கள் வீட்டு மனிதர்கள்! "போகாதே" என்ற ஒரு சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு, மூவரும் மூக்கால் பேசினார்கள். அன்பைச் சொல்லக்கூட ஒரு சகுனம் வேண்டுமா? வாய் எதற்கு இருக்கிறது?

அத்தை, இத்தனை நாள் கேட்கவில்லை. இன்று ஊரறியக் கேட்கிறேன். அது பொய்த் தும்மல்தானே?

என்ன அத்தை? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்...

"பேசினது போதும்டி. எறங்கி வா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்கிறார்.

கேட்டீர்களா மக்களே? தும்மாமல் சொல்லிவிட்டார்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், தண்ணீர் தந்த தலைவருக்கும் நன்றி. அத்தை கூப்பிடுகிறார், நான் வீட்டுக்குப் போகிறேன். வணக்கம்!