வேலையை விட்டவனின் வருகை அட்டை

பிஸ்கட் தொழிற்சாலையில் "அடுப்பண்ணன்" என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். வயது ஐம்பத்தாறு. தொழிற்சாலைக்குப் பின்தெருவில் மாடி வீட்டில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன்.

மேற்படி தொழிற்சாலையின் அடுப்புப் பிரிவில் எனக்கு ஜோடியாக வேலை பார்த்தவன், இப்போது ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டிருக்கும், நாங்கள் "தூங்குமூஞ்சி" என்று கூப்பிடும் ஆள். நான் தட்டை உள்ளே தள்ளுவேன், அவன் மறுபக்கம் இழுப்பான். சத்தத்தில் பேச்சு கேட்காது, கண் ஜாடைதான். ஒரு டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்போம். சட்டையில் வெண்ணெய் வாசனையோடு வீட்டுக்குப் போனால் என் மனைவி, "வந்துட்டாருய்யா பிஸ்கட்டு" என்பாள். அந்த நாட்கள் இனி வராது. இதையும் ஏட்டய்யாவை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு மனைவிக்கு இதயத்தில் ஆபரேஷன் என்றார்கள். கூட இருந்து பார்க்க ஆளில்லாததால் வேலையை விட்டேன். கடைசி நாள் தூங்குமூஞ்சி, "வேலை போனா காப்பீடும் போயிடுமே, அண்ணிக்கு என்னண்ணே பண்ணுவீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் வருகை அட்டையை ஆபீஸில் ஒப்படைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டான்.

அதன் பிறகு ஆபீஸ் அம்மாவிடம் விசாரித்ததில், கெடுவுக்குள் எழுதிக் கொடுத்து முழுத் தவணையையும் நானே கட்டினால் அதே காப்பீடு சில காலம் தொடரும் என்றார்கள். வண்டியை விற்றுக் கட்டினேன். விற்றது தெரிந்தால் வருத்தப்படுவான் என்று அவனிடம் மூச்சு விடவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அவனோ அட்டையைக் கொடுக்கவேயில்லை. வாசல் கடிகார மெஷினில் தினமும் குத்தினால் நான் வேலையில் இருப்பதாகக் கணக்கு, காப்பீடு நிற்காது என்று நினைத்துவிட்டான், மடப்பயல்! பல நாள் என் அட்டையை நேரத்துக்குக் குத்திவிட்டு, தன் அட்டையைத் தேடியதில் அவனுக்குத் தாமதக் குறி விழுந்திருக்கிறது. இல்லாத ஆள் தினமும் வேலைக்கு வருவதைப் பார்த்த மேலாளர் மோசடி என்று போலீசில் புகார் கொடுத்து, அவனை வேலையை விட்டும் நீக்கிவிட்டார்.

நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த அட்டையால் எனக்கோ அவனுக்கோ சல்லிக் காசு வரவில்லை. அவன் முட்டாள், திருடன் இல்லை.

அவன் மனைவிக்கு இது நிறைமாதம். அவனுக்கும் இப்போது காப்பீடு நின்றுவிட்டது. கெடு முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. இங்கிருந்து விட்டால் அவனை நேராக ஆபீஸ் அம்மாவிடம் கூட்டிப்போய் எழுதிக் கொடுக்க வைப்பேன். தவணைக்கு வழி நான் பார்த்துக்கொள்கிறேன். அவனைச் சீக்கிரம் விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நிஜம்.

(ஒப்பம்)