நிக்காத மோட்டார்

இல்ல தம்பி, நானும் அத முழுசா நம்பல. வருஷக்கணக்கா சந்தேகத்தோடதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆனா வீட்டுக்காரம்மா எங்கன்னு யாராவது கேட்டா வாய் தானா அதையே சொல்லிடுது. மோட்டார் நிக்கல, அக்கரைக்குப் போயிட்டா.

சிரிங்க, பரவாயில்ல. எல்லாரும் சிரிப்பாங்க. அந்த நட்ட இப்படிக் குடுங்க.

உங்களுது மாதிரியேதான், மீன் பிடிக்கிற கயாக்கு, ஒத்த ஆள் உக்கார்றது. துடுப்பு போட்டுப் போட்டு தோள்பட்டை போச்சுன்னு ஒரு பழைய கரண்டு மோட்டார வாங்கி, பக்கவாட்டுல பலகை வச்சு நானே மாட்டினேன். அப்ப எனக்கு இந்த வேல ஒண்ணும் தெரியாது. பேட்டரியில ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்துட்டேன். அய்யோ, வெடிக்கல்லாம் வெடிக்காது. விசிறி தலைகீழா சுத்தும், அவ்வளவுதான். முன்னாடி போன்னா படகு பின்னாடி போகும்.

பலகையில ஒரு போல்ட்டு ஆடிக்கிட்டே இருந்துச்சு. வாஷர் வாங்கக் கடைக்குக் கெளம்பினேன். நான் கொஞ்சம் உக்காந்து பாக்கறேனேன்னா எம் பொண்டாட்டி. எதையும் தொடாதன்னு சொல்லிட்டுப் போனேன். சொன்னா தொடாம இருக்கிற ஆளா அவ? கயித்தப் பிடிச்சுக்கிட்டு கரையில நின்னது என் மச்சினன், அவ தம்பி. வாஷரோட வந்து பாக்கறேன், அவன் கையில கயிறு இருக்கு, படகக் காணோம்.

அவன் சொன்ன கதைதான் இது. மாமா, அக்கா சுவிட்சப் போட்டுச்சு, படகு பின்னாடியே போச்சு, நிறுத்த நிறுத்த நிக்கல, கரையப் பாத்துக்கிட்டே போச்சு மாமா, உங்களத்தான் தேடுச்சுன்னான். அழுகை வேற.

கேக்க நல்லாத்தான இருக்கு? புருஷன் பக்கம் முகத்த வச்சுக்கிட்டே போன பொண்டாட்டி, எனக்குத் தெரிஞ்சு வேற யாரும் இல்ல.

பஸ்ஸு இருக்கு தம்பி, ஏரியச் சுத்திக்கிட்டுப் போகும். ஆனா கோவிச்சுக்கிட்டுப் போனவளத்தான போய்க் கூப்பிடணும்? மோட்டார் கோளாறுல போனவளுக்கு மோட்டார சரி பண்றதுதான மொற? சண்டையா? ச்சே. சண்டை போடற அளவுக்கு நாங்க பேசிக்கிட்டதே இல்ல.

மச்சினன் கையில புது சுவிட்சு குடுத்து அனுப்பினேன். கெடைச்சுதுன்னு சொல்லி விட்டா. வயரு அனுப்பினேன். அதுவும் கெடைச்சுதாம். இப்ப அங்க தையக்கடை வச்சிருக்கா. அந்த மோட்டார தையல் மெஷினுக்கு மாட்டியிருக்காளாம், பாத்துட்டு வந்தவன் ஒருத்தன் சொன்னான். நல்லா ஓடுதாம். நிறுத்தினா நிக்குதாம்.

அதுக்கப்புறம்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். சம்பாதிக்கிறதுக்கு இல்ல, அவன் சொன்ன மாதிரி நடக்குமான்னு பாக்கறதுக்கு. நடக்கும். உள்ள சுவிட்சு ஒட்டிக்கிச்சுன்னா நிக்காது. எத்தனையோ மோட்டார் கழட்டிப் பாத்துட்டேன், தப்பு சொல்ல முடியல. அதோட விட்டிருக்கணும். எனக்குத்தான் விடத் தெரியாதே.

என்ன, உங்க பேட்டரியா? பயப்படாதீங்க, இது புதுசு. அக்கரைக்குப் போயிட்டுத் திரும்பியே வந்துடும். நான் வச்சது பழைய கார்ல இருந்து கழட்டினது. அப்ப வெவரம் தெரியல, தொழில் கத்துக்கிட்ட பிறகுதான் கணக்குப் போட்டுப் பாத்தேன். எப்படிப் போட்டாலும் பாதி ஏரியத் தாண்டல.

போன வாரம் மச்சினன் வந்திருந்தான். சாப்பிட்டு எந்திரிச்சு கை கழுவிக்கிட்டு இருந்தான். பின்னாடி போய் நின்னுக்கிட்டு கேட்டேன். ஏண்டா, நடு ஏரியில மோட்டார் தானா நின்னிருக்குமே, அதுக்கப்புறம் உங்க அக்கா துடுப்ப எந்தப் பக்கம் பாத்துப் போட்டா?