தலைக்கு மேல் கவிழ்த்த பாட்டில்

எல்லாரும் சுகம்தானே? இந்த மழையில் யாருக்கும் காய்ச்சல், இருமல் இல்லையே? என் முழங்கால் வழக்கம்போல முனகுகிறது, அதை விடுங்கள். சின்னப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். விளக்கு எரியட்டும். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

மத்தியானம் மூன்று மணி... ஆமாம், ராத்திரி இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயில். மலேசியாவில் ஜோகூர்ப் பக்கம் ஒரு மலை. மரம் ஏற்றின லாரிகள் எப்போதோ போய்வந்த செம்மண் பாதை. இப்போது லாரியும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. அந்தப் பாதையில் ஹைகல் தன்னந்தனியாக நடந்துகொண்டிருந்தான்.

ஹைகல், எங்கள் அடுக்குமாடி புளோக் ஆறாம் மாடி சவ்தாவின் தங்கை மகன். சவ்தாவும் நானும் ஒரே மின்தூக்கியில் காலமெல்லாம் ஏறி இறங்கினவர்கள். பெருநாளுக்கு அவள் வீட்டு ரெண்டாங் கறி இங்கே வரும், தீபாவளிக்கு என் முறுக்கு அங்கே போகும்.

அவன் அங்கே என்ன செய்தான் என்று சொல்வதற்கு முன்னால் ஃபைருஸைச் சொல்ல வேண்டும். சவ்தாவின் ஒரே பிள்ளை.

ஃபைருஸ் தேசிய சேவை என்று பட்டாளத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தான். உங்கள் வீட்டுப் பையன்களைக் கேளுங்கள், தெரியும். வரிசையாக நிற்க வைத்து, பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடிக்கச் சொல்வார்களாம். குடித்ததும் பாட்டிலைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். மிச்சம் வைத்தவன் தலை நனைந்துவிடும். உத்தரவு வருகிறவரை கையை இறக்கக் கூடாது.

பந்து விளையாடப் போனாலும் சரி, மலை ஏறப் போனாலும் சரி, இவன் வாசலில் நின்று மடமடவென்று குடிப்பான். பாட்டிலைக் கவிழ்த்து அம்மாவைக் கூப்பிடுவான்.

"மாக், பாருங்க!"

"ஒரு சொட்டு விழுந்துச்சே, திருட்டுப் பயலே."

"அது வேர்வை மாக்!"

"சரி சரி, இறக்குடா கையை."

அம்மா வாயால் அதைச் சொல்லாமல் இறக்க மாட்டான். ஒருநாள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சவ்தா உள்ளே ஓடினவள், அங்கேயே மறந்துவிட்டாள். நான் குப்பை போட வெளியே வந்தால், கையைத் தூக்கினபடி நிற்கிறான். கண் சமையலறைக் கதவிலேயே இருக்கிறது. "என்னடா இது கூத்து?" என்றேன். "ஆர்டர் வரல ஆன்ட்டி" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ரெண்டு வருஷம் முன்னால் கூட்டாளிகளோடு அந்த மலைக்குக் கிளம்பினான். அவனுடைய பட்டாளத்துப் பாட்டில் பெரிசு, கனம். பிள்ளைக்குத் தோள் வலிக்குமே என்று சவ்தா பீச் ரோடு பட்டாளச் சந்தைக்குப் போய்ப் புதிசாக ஒன்று வாங்கி வந்தாள். அதே பச்சை, அதே மாதிரி உறை, பார்க்க அழகு. ஆனால் பாதி அளவுதான்.

"இது பாப்பா பால் குடிக்கிற பாட்டில் மாக்!" என்று சிரித்தான். அம்மா வாங்கினதாயிற்றே, அதையே எடுத்துக்கொண்டு போனான்.

இறங்கும்போது ஒரு கிளைப்பாதையில் கூட்டாளிகளை விட்டுப் பிரிந்துவிட்டான். மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். வறண்டுபோன ஓடைக்குப் பக்கத்தில்... வெயில், தண்ணீர் போதவில்லை என்றார்கள். பாட்டில் பக்கத்திலேயே கிடந்தது. காலி.

சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தவரிடம் சவ்தா ஒன்றே ஒன்று கேட்டாள். "இதுல எவ்வளவு தண்ணி பிடிக்கும்?" அவர் சொன்னார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் மகனைப் புதைத்த கபருக்குப் போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவாள். "போதும் மாக்சிக், மண்ணு கரையுது" என்று காவல்காரரே சொல்ல வேண்டியிருக்கும். வீட்டில் விளக்கை அணைக்காமல்தான் படுப்பாள். படுப்பாளே தவிரத் தூங்க மாட்டாள்.

இந்த வருஷம் ஹைகல் அதே மலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றான். நாங்களெல்லாம் திட்டினோம். சவ்தா திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பாட்டில் நான் பாத்து வாங்கித் தரேன்" என்றாள்.

அதே சந்தைக்கு அவர்களோடு நானும் போனேன். கடைக்காரர் டெக் செங் முதலில் ஒரு அலுமினியப் பாட்டிலை நீட்டினார். "ஆன்ட்டி, பழைய காலத்து ஸ்டைல், அழகா இருக்கு பாரு."

சவ்தா திறந்து மோந்து பார்த்தாள். "அழகைக் குடிக்க முடியுமா? உள்ள மீன் டப்பா நாத்தம்."

அடுத்ததில் மூடி தனியாகக் கழன்று வந்தது. "இதைக் காட்டுல தொலைச்சா எங்க போய்த் தேடுவான்?" அதற்கடுத்ததைக் கையால் அமுக்கினாள். உள்ளே போய்விட்டது. "கல்லுல விழுந்தா வாயைப் பிளந்துக்கும்." இன்னொன்றின் வாய் குறுகல். ஓடைத் தண்ணீர் மொள்ள முடியாது என்று தள்ளினாள்.

"ஆன்ட்டி, நீ பாட்டில் வாங்க வந்தியா, மருமக பாக்க வந்தியா?"

"மருமகளா இருந்தா இந்நேரம் மூணு பேரு அழுதுட்டுப் போயிருப்பாங்க அங்கிள்" என்றான் ஹைகல். கடையே சிரித்தது.

கடைசியில் ஒன்று தேறியது. தடிச்ச பச்சைப் பிளாஸ்டிக், முழு லிட்டர். மூடி கழுத்தோடு வாரில் தொங்கும். அடியில் தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு இரும்புக் கோப்பை. நனைத்துவிட்டால் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கிற கனத்த உறை. சவ்தா கடைக் குழாயில் நிரப்பி, மூடி, ஹைகல் தலைக்கு மேலே கவிழ்த்து உலுக்கினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"ரெண்டு குடுங்க."

"ரெண்டு எதுக்கு மாக் லோங்? பெரியம்மாவுக்கு என் மேல அவ்வளவு பாசமா? எனக்கு வாய் ஒண்ணுதான்."

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு அவனுக்கு. அந்த ஓடைகிட்ட ஊத்திட்டு வா. முழுசா ஊத்து."

ஹைகல் ரெண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

போகிற நாளன்று கூடப் போக வேண்டிய நண்பனுக்குக் காய்ச்சல். இவன் தனியாகவே போய்விட்டான். இடுப்பில் ரெண்டு பக்கமும் ரெண்டு பாட்டில். மலையடியிலேயே இடுப்பு இழுத்தது. செத்துப்போனவனுக்குத் தாகம் ஏது... இருக்கிறவன் அல்லவா ஏற வேண்டும்... அங்கே போய் என்னுடையதில் கொஞ்சம் ஊற்றினால் போயிற்று என்று நினைத்தான். ரெண்டாவது பாட்டிலை அங்கேயே, கார் நிறுத்துகிற இடத்துப் புல்லில், ஊற்றிவிட்டான்.

ஆனால் வெயில் அவனை விடவில்லை. பாதி வழியிலேயே தன்னுடையதையும் குடித்துத் தீர்த்துவிட்டான். அடியில் ரெண்டு மிடறு மிச்சம்.

இப்போது அந்தச் செம்மண் பாதைக்கு வாருங்கள். மூன்று மணி.

காலிப் பாட்டிலின் இரும்புக் கோப்பை நடைக்கு நடை இடிக்கிறது. டிங்... டிங்... டிங்... வேர்வை துடைக்க நின்றான்.

டிங்.

அவன் நின்ற பிறகு.

அப்புறம் ஒரு வாசனை. வெயிலில் கிடந்து சூடேறின புதுப் பிளாஸ்டிக் வாசனை. காட்டில் ஏது அது?

ஓடைத் திருப்பம். மணல், கல், சருகு. நடுவில் ஒரு ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வலது கை தலைக்கு மேலே. கையில் அந்தச் சின்னப் பாட்டில், கவிழ்த்தபடி. ஒரு சொட்டு இல்லை. கை கொஞ்சமும் அசையவில்லை.

"அபாங்..." என்று அண்ணனைக் கூப்பிட்டான்.

திரும்பவில்லை.

ஹைகல் ரெண்டாவது பாட்டிலைத் திறந்தான்... அதில்தான் ஒன்றும் இல்லையே. தன்னுடையதைத் திறந்து அந்த ரெண்டு மிடறையும் மணலில் ஊற்றினான். களக்... களக்... மண் உறிஞ்சுகிற சத்தம் இல்லையாம் அது. தொண்டை விழுங்குகிற சத்தம். அப்புறம், இன்னும் வேண்டும் என்பது போல, வெறும் களக்... களக்...

அழுதுகொண்டே, பட்டாளத்தில் கத்துகிற மாதிரி கத்தினான். "போதும்! கையை இறக்கு!"

கை இறங்கவில்லை. தலை மட்டும் மெல்லத் திரும்பியது. ஹைகலைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், வந்த பாதையை. யாரோ வரவேண்டியவரைப் பார்ப்பது போல... சமையலறைக் கதவைப் பார்ப்பது போல.

எப்படி இறங்கி ஓடிவந்தான் என்று அவனுக்கே தெரியாது.

மின்தூக்கி வாசலில் சவ்தா காத்திருந்தாள். நானும் இருந்தேன்.

"ஊத்துனியாடா?"

"ஊத்துனேன் மாக் லோங்."

"முழுசா?"

"...முழுசா."

ரெண்டாவது பாட்டிலை வாங்கினாள். திறந்தாள். தன் தலைக்கு மேலேயே கவிழ்த்தாள். முக்காட்டில் ஒரு சொட்டு விழவில்லை. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் பல் தெரிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "பாரேன்... எல்லாத்தையும் குடிச்சிட்டான். மிச்சமே வைக்கல என் பிள்ளை."

அன்று ராத்திரி ஆறாம் மாடியில் விளக்கு அணைந்தது. இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாள். ரெண்டாங் வாசனைகூட நடைவழியில் வருகிறது.

போன வாரம் ஹைகலின் மனைவி நதிரா என்னைத் தேடி வந்தாள். "ஆன்ட்டி, தூக்கத்துல இவர் வலது கை தானா மேல போகுது. பிடிச்சு இறக்குனா மறுபடியும் போகுது. விரல் எதையோ பிடிச்ச மாதிரி மடங்கியிருக்கு. மோந்து பாத்தேன்... பிளாஸ்டிக் வாசனை." அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாம் சொல்லி அழுதான். மாக் லோங்கிடம் மட்டும் சொல்லிவிடாதீங்க என்று என் காலைப் பிடித்தான்.

ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் வாயால், "சரி, இறக்குடா கையை." ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டுமானால், பிள்ளை குடிக்கவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். இப்போதுதான் தூங்க ஆரம்பித்திருக்கிறாளே...

நீங்களும் பிள்ளை பெற்றவர்கள். என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால், யார் எப்படி அந்தக் கையை இறக்கினார்கள், எழுதுங்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். நேற்று ராத்திரியிலிருந்து அந்தக் கை நடுங்குகிறதாம்... ரொம்ப நேரம் தூக்கிப் பிடித்து வலிக்கிற கை நடுங்குமே, அப்படி.