நன்றியுரை முடியும்வரை

நன்றியுரைக்கு யாரும் கைதட்டுவதில்லை. அந்த நேரத்தில் சனம் இருந்தபடியே காலால் செருப்புத் தேடத் தொடங்கிவிடும்.

நான் சுதாகரன். உருத்திரபுரத்தில் எங்கள் கமக்காரர் சங்கத்தின் நெடுநாள் செயலாளர். தலைவர் வீரகத்தியண்ணை நல்ல மனிதர். பேசத் தொடங்கினால்தான் கரைச்சல். வாய்க்கால் துப்பரவாக்குவது பற்றிச் சொல்ல எழும்பினால், தன் கலியாணத்தன்று பெய்த மழையில் போய் நிற்பார். கடைசியில் நன்றியுரைக்கு நான் தொண்டையைச் செருமியதும், "சுருக்கமா, தம்பி, சுருக்கமா" என்பார். ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆளில்லை.

அன்று பக்கவாதம் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம். டொக்டர் சிவரூபி அருமையாக விளங்கப்படுத்தினார்.

"மூளைக்குப் போற குழாயை இரத்தக்கட்டி அடைச்சால், உங்கட வாய்க்கால் அடைபட்ட மாதிரித்தான். நடுவில நிக்கிற பயிர் உடனே கருகும். சுத்திவர நிக்கிறது வாடும், ஆனால் சாகாது. கெதியாத் தண்ணி விட்டால் தப்பும்."

நிமிடத்துக்கு இருபது இலட்சம் அளவில் மூளைக் கலங்கள் செத்துப்போகுமாம். கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். சில இடங்களில் மெல்லிய குழாய் விட்டுக் கட்டியை இழுத்தும் எடுப்பார்களாம். வாய் கோணும், கை சோரும், பேச்சுக் குழறும் என்பதை எங்களைக் கொண்டே திருப்பிச் சொல்வித்துவிட்டு, டொக்டர் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

பிறகு வீரகத்தியண்ணை முடிவுரைக்கு எழும்பினார். கொஞ்ச நேரத்தில் பேச்சுக் குழறியது. சனம் கவனிக்கவில்லை, அவர் பேசுவதைக் கேட்பதை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த நான் கவனித்தேன். வாயின் வலப்பக்கம் கீழே இறங்கியது. வலக்கை சோர்ந்து மைக் மேசைக்கு வந்தது. அவர் மெதுவாகக் கதிரையில் சரிந்தார். மைக் சும்மா கிடந்தது.

எங்கள் ஊரில் நன்றியுரை முடியாமல் ஒருவரும் எழும்புவதில்லை. கடலையும் தேத்தண்ணியும் அதற்குப் பிறகுதான். ஆகவே நான் மைக்கை எடுத்தேன்.

"சுருக்கமா" என்ற சத்தம் வரவில்லை. அது எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொல்லி விளங்காது. டொக்டருக்கு நன்றி சொன்னேன். அவர் சொன்னதை ஒன்றும் விடாமல், வாடுகிற பயிர் உட்பட, திரும்பவும் சொன்னேன். நிமிடத்துக்கு இருபது இலட்சம் என்ற இடத்தில் குரலை உயர்த்தினேன். கதிரை தந்த மஸாஹிர் நானாவுக்கும், பெய்யாமல் பொறுத்த மழைக்கும்கூட நன்றி சொன்னேன். சனம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் வீரகத்தியண்ணையின் மனைவி விமலேஸ்வரியக்கா தேத்தண்ணியோடு வந்தார்.

"தம்பி, இவருக்கு வாய் கோணிக் கிடக்கெல்லே?"

என் வான் வண்டியில்தான் அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். இதையும் நீங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும்.

அங்கே ஸ்கான் எடுத்தார்கள். இரத்தக்கசிவு இல்லை. "ஊசி போடலாம்," என்றார் ஒரு இளம் டொக்டர். "எப்ப தொடங்கினது? கடைசியா நல்லா இருந்ததை ஆர் கண்டது?"

"நான் விடியமுந்தியே கடலை அவிக்க மண்டபத்து அடுப்படிக்குப் போயிட்டன், டொக்டர்," என்று அக்கா அழுதார். "தம்பிதான் இவரோட இருந்தவர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊசிக்கு நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் முடிவுரையில் தொடங்கியது என்று சொன்னால், பக்கத்தில் இருந்தவன் அதற்குப் பிறகு என்ன செய்தான் என்று கேட்பார்கள். கூட்ட ஒழுங்கு தெரியாதவர்களுக்கு நன்றியுரையைப் பற்றி எப்படி விளங்கப்படுத்துவது?

"விடியக்காலமை கூப்பிடப் போகேக்கையே வாய் ஒருமாதிரித்தான் இருந்தது, டொக்டர்," என்றேன். "நித்திரைக் கலக்கமாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

அதில் யாரும் பிழை பிடிக்க முடியாது. விடியக்காலையில் எனக்குப் பக்கவாதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே. டொக்டரின் பேச்சு அதற்குப் பிறகுதானே.

ஊசியைத் திருப்பி வைத்துவிட்டார்கள். விடியலிலிருந்து எண்ணினால் நாலரை மணித்தியாலம் தாண்டிவிட்டது, நேரம் கடந்து போட்டால் மூளைக்குள் இரத்தம் கசியுமாம். நியாயமான காரணம்தான். அதிகாலையில் அவர் வாய் நேராகத்தான் இருந்தது. வழிநெடுகப் பேசிக்கொண்டுதான் வந்தார். நான் சொன்னது பொய். வாடிய பயிர் முழுவதும் கருகியது அந்தப் பொய்யால்தான்.

இப்போது தலைவர் நான். ஞாயிறுகளில் அவரைப் பார்க்கப் போகிறேன். "நீர் இல்லாட்டி இவர் அண்டைக்கே போயிருப்பார்," என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொள்கிறார். பயிற்சி தர வருகிற பிள்ளை, தப்பிய கலங்கள் செத்தவற்றின் வேலையைப் பழகும் என்கிறாள். பழகத்தான் செய்கின்றன, ஒரு சொல் திரும்பி வந்திருக்கிறது. நான் கூட்டத்து விஷயங்களை விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடக்கையைத் தூக்கி, "சுருக்கமா" என்கிறார்.

மூளை பழுதுபட்டால் சம்பந்தமில்லாத சொற்கள் வருமாம். ஆகவே நான் குறை நினைப்பதில்லை. திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறேன்.