அறுபத்திரண்டு டிகிரி

மே மாதத்தில் கருங்குழியில் ஃபேன் போட்டால் அனல்தான் வரும். இதை நீங்கள் யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடு என்று நம் தெருச் சங்கத் தலைவி ரெஜினா அக்கா சொன்னதால் எழுதுகிறேன். சூட்டில் இருந்து தொடங்கினால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

என்னிடம் ஆறு கிராபிக்ஸ் கார்டுகள் இருக்கின்றன. நாவலூரில் ஒரு ஆபீஸ் மூடியபோது சல்லிசாக வாங்கியவை. கம்ப்யூட்டரில் மாட்டி, நாள் முழுக்க நிறுத்தாமல் ஓடவிட்டால் கிரிப்டோ காயின் கிடைக்கும். ஓடுகிற கார்டு கொதிக்கும். எண்பது டிகிரியைத் தாண்டினால் ஆயுசு குறையும். முதலில் டேபிள் ஃபேன் வைத்தேன். பிறகு ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன். அதன் பிறகு என் மனைவி சிநேகா படுக்கிற அறையில் இருந்த ஏர்கூலரை எடுத்து வைத்தேன். அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அதனால் இன்னொரு ஃபேனும் கிடைத்தது.

அப்போதுதான் பெட்டி கண்ணில் பட்டது. நம் தெருவில் சாவு விழுந்தால் வாடகைக்கு ஃப்ரீசர் பெட்டி தர டவுனில் ஆயிரம் சாக்கு சொன்ன காலத்தில், வீட்டுக்கு வீடு வசூலித்து நாமே வாங்கிய பெட்டி அது. கரண்ட் வேலை தெரிந்தவன் என்று என் வீட்டுப் பின்னறையில் வைத்தீர்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் சும்மா கிடக்கிறது. ஒரு அறையில் குளிர் சும்மா கிடப்பதும் பக்கத்து அறையில் கார்டுகள் கொதிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறையும் உள்ளே வரிசையாக வைத்தேன். ஈரம் கோக்காமல் இருக்க அரிசியைத் துணியில் முடிந்து பக்கத்தில் போட்டு மூடினேன். கம்ப்ரசர் கொஞ்சம் முனகியது. ஆனால் கார்டுகளின் சூடு அறுபத்திரண்டு டிகிரிக்கு இறங்கியது. மனசு குளிர்ந்துபோயிற்று.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல. சாவு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பெட்டியைக் காலி செய்துவிடலாம். அதனால் தெருவில் உடம்பு முடியாத நான்கு பேரையும் தினமும் போய்ப் பார்த்தேன். இளநீர் வாங்கிக் கொடுத்து, மூச்சு எப்படி வாங்குகிறது என்று கவனித்தேன். சந்திரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த புள்ள கூட இப்டி வந்து பாக்கல நைனா" என்று அழுதார். தங்கமான பையன் என்று தெருவே பேசியது. நானும் மறுக்கவில்லை.

சின்னையன் பெரியப்பா அந்த நான்கு பேரில் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் டீ குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரு இருமல்கூட இல்லாமல் போனதில் எனக்கு அவர்மேல் வருத்தம்தான்.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் அவர் மகள் ஜாக்குலின் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழம காலைல வந்துருவேன் அண்ணாத்த. அப்பா மூஞ்ச ஒரு தபா பாத்துட்டா போதும். பெட்டில பத்தரமா வச்சிரு."

வைக்கிறேன் என்றேன். வைக்கிற எண்ணத்தோடுதான் சொன்னேன். போய் மூடியில் கைகூட வைத்துவிட்டேன். காயின் விலை அந்த வாரம்தான் ஏறத் தொடங்கியிருந்தது. வெளியே எடுத்தால் கார்டுகள் அந்த வெயிலில் என்ன ஆகும் என்று யோசித்தேன். பெரியப்பாவுக்கு இனிமேல் ஆக ஒன்றுமில்லை. கையை எடுத்துவிட்டேன்.

சாவு வீட்டுக்குப் போனதும் ரெஜினா அக்கா எதிரே வந்தார். "பெட்டி எங்கடா கீது?"

"ரிப்பேருக்கு செங்கல்பட்டு போயிருக்குக்கா. கேஸ் லீக்கு."

"சாவு வூட்ல வந்து இன்னாடா சொல்ற? அந்தப் பொண்ணு வந்துகினு கீது."

டவுனில் கேட்டோம். எல்லாப் பெட்டியும் வெளியே போயிருக்கிறது என்றார்கள், வழக்கம்போல. நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பட்டினம் போய், மீனுக்குப் போடுகிற ஐஸ் பார் எட்டு ஏற்றி வந்தேன். அதில் இரண்டை மட்டும், கம்ப்ரசருக்கு ஒத்தாசையாக, என் வீட்டில் இறக்கினேன். சனிக்கிழமை மதியத்துக்குள் ஐஸ் கரைந்து சாவு வீடு முழுக்க மீன் வாடை. தெருப் பூனைகள் எல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்தன. ஜெபம் பண்ண வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். சாயங்காலம் ரெஜினா அக்கா, "இனிமே தாங்காது, எடுத்துரலாம்" என்றார். எடுத்தீர்கள். நானும் தோள் கொடுத்தேன்.

ஜாக்குலின் ஞாயிறு காலை வந்து, கல்லறைக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்கத்தான் வந்தாள். பின்னறையில் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள். பெட்டிக்குள் கார்டுகள் சிவப்பும் பச்சையும் நீலமுமாக, கிறிஸ்துமஸ் குடில் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் முகம் தெரிகிற பக்கமாகக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு வரணும்னு அண்ணாத்த இத எடுக்காம வச்சிகினு கீற?"

அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "விலை வரணும்மா" என்றேன்.

அவள் மூடியின்மேல் பூத்திருந்த ஈரத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள், பிறகு போய்விட்டாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. துடைத்தது நல்லதுதான், ஈரம் கார்டுக்கு ஆகாது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பெட்டி ரிப்பேருக்குப் போகவில்லை. ஜாக்குலின் தன் அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் போனது என்னால்தான். பெட்டியை நாளைக்கே ஒப்படைக்கச் சொல்கிறீர்கள். மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் விலை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. பெரியப்பா விஷயத்தில்தான் ஒரு நாள் பொறுக்காமல் அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள். இதிலாவது கொஞ்சம் பொறுங்கள்.