ஷரஃபியாவில் வாங்கின கெக்

— சிரிக்காத ஜெஸ்மி. ரிப்போர்ட்ட வாசிச்சுக்கிட்டே சிரிக்குத நர்சு இந்த ஜித்தாவுல நீ ஒருத்தியாத்தான் இருப்ப. என்ன போட்டிருக்குன்னு சொல்லு.

— இருங்க, இன்னொருக்கா பாத்துக்கிடுதேன். லேப்ல ஷம்சியா கவர மாத்தித் தந்துட்டாளோ என்னவோ. ஜெபசீலன், ஆண், ஏசி டெக்னீஷியன்... நீங்கதான். யேசப்பா, ஸ்தோத்திரம்.

— ஸ்தோத்திரத்தப் பெறவு சொல்லலாம். ஈரல் இருக்கா போச்சா?

— இருக்கு. நல்லா இருக்கு. ஆறு மாசத்துக்கு முன்ன வீங்கிக் கெடந்த ஈரலுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ரத்தத்துல ஏறியிருந்ததெல்லாம் எறங்கியாச்சு. டாக்டரு அடியில எழுதியிருக்காரு பாருங்க, தொடர்ந்து இப்படியே இருக்கவும்னு.

— நான் கொஞ்சம் இருந்துக்கிடுதேன் புள்ள. அந்தக் கடுதாசிய இங்க தா, நானும் பாக்கட்டும்.

— இந்தாங்க. டூட்டி முடிஞ்சு ஆஸ்பத்திரி வேன்ல வரும்போ கவர மடியில வெச்சுக்கிட்டு, பிரிக்கவா வேண்டாமான்னு வழி பூரா ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தேன். ஊர்ல ஹாஸ்டல்ல கெடக்க நம்ம பிள்ள ஜெகினுக்கு என்ன பதில் சொல்லுவேன்னு அதே நெனப்பு.

— பாத்தியா. நான் அப்பமே சொன்னேன்லா. எல்லாம் கெக்குக்க வேலை, கேட்டியா.

— எதுக்க வேலை?

— கெக்கு! அந்த ஸ்டீல் பீப்பா! நாம வீட்டுல காச்சி பாட்டில்ல அடைச்ச பீருக்கு அடியில கலங்கலா ஈஸ்ட் கிடக்கும். அதும் சேந்து வயித்துக்குள்ள போவும். கெக்குல அந்த சோலியே இல்ல. தெளிஞ்சது மட்டும் குழாய்ல வரும். ஈரலுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது.

— ஓ. அப்பம் குடிச்சதுனால வீங்கல்ல, பாட்டிலுனாலதான் வீங்கிச்சு. இத்தனை வருசமா நர்சு வேலை பாக்கேன், இது எனக்குத் தெரியாமப் போச்சே.

— கிண்டல் பண்ணாத. ஆயிரத்திச் சொச்சம் ரியால் போச்சேன்னு நீ ஆடின ஆட்டம் நெனவிருக்கா?

— பின்ன ஆடாம? ஜெகினுக்க ஹாஸ்டல் பீசுக்கு ஒதுக்கி வெச்ச ரூவா. ஓட்டல்ல கோலா ஊத்திக் குடுக்குத பழைய ஸ்டீல் கெக் ரெண்டு. தீயணைக்குத சிலிண்டருக்கு கேஸ் அடைச்சுக் குடுக்குத கடையில ஒரு சிலிண்டர். அதுக்கு மீட்டர், டியூப், குழாய். இதையெல்லாம் உள்ள வைக்கதுக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜ் கதவுல ஓட்டை போடதுக்கு நீங்க லீவு வேற போட்டிய. சம்பளம் வாங்குத ரெண்டு பேருல ஒருத்தருக்காவது புத்தி வேணும்லா?

— ஷரஃபியா பஜார்ல அந்தப் பழைய சாமான் கடை காதர் மைதீன் அண்ணன் கேட்டாரு, என்னடே, சர்பத் கடை போடப் போறியான்னு. ஆமாண்ணேன்னு சொல்லிட்டேன். சந்தோசப்பட்டு விலையக் கொறைச்சுத் தந்தாரு.

— பாவம், இப்பமும் என்னக் கண்டா, கடை எப்பம்மா திறப்புன்னு கேக்காரு. நான் சமூசா வாங்க வந்தேன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டு வாறேன்.

— பாட்டில் காலத்த நெனைச்சுப் பாரு. ஒவ்வொண்ணாக் கழுவி, கொதிக்க வெச்சு, மூடி அடிச்சு... சீனி ஒரு கரண்டி கூடிட்டுன்னா போச்சு. நீ நைட் டூட்டி முடிச்சுப் படுத்திருந்தப்போ ஸ்டோர் ரூம்ல படபடன்னு வெடிச்சுதே.

— அத மறக்க முடியுமா? வாட்ச்மேன் மஹ்மூது கம்பத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. ஸ்டோர் ரூம் கதவுக்கு அடியில நுரை வழியுது. நீங்க சைட்ல. குக்கர் வெடிச்சுட்டு குக்கர் வெடிச்சுட்டுன்னு சொல்லி வாசல மறிச்சு நின்னு அழுதேன். குக்கர்தான் பொய்யி, அழுகை நெசம். இந்த ஊர்ல பீரு காச்சுததப் பிடிச்சான்னா ஜெயிலு, அடி. பெறவு ரெண்டு பேரையும் பிளேன்ல ஊருக்கு ஏத்தி விட்டிருவான்.

— மஹ்மூது பில்டிங் பூரா போய்ச் சொல்லிட்டான், இந்தியாக்காரன் குக்கரத் தொடாதீங்கன்னு. மாடி வீட்டு பாகிஸ்தான்காரி நல்லா இருந்த குக்கரக் கொண்டு குப்பைத் தொட்டியில போட்டா.

— சிரிக்காதிய. அன்னைக்கு எனக்கு எத்தன ஆயுசு கொறைஞ்சுதோ. அதுக்குப் பெறவுதான் ஒங்களுக்கு ஈரல் வீக்கம்னு வந்துச்சு. இப்படியே குடிச்சா ஒரு வருசந்தான் இருப்பியன்னு ஒங்ககிட்ட சொன்னது டாக்டரு இல்ல, நான். இருந்த பாட்டிலையெல்லாம் ஒடச்சு சிங்க்ல ஊத்தினேன். நீங்க என்ன செய்திய?

— அத விடு புள்ள.

— ஒங்க கூட்டாளி முனியசாமிக்க லேபர் கேம்புல போய்ப் படுத்திய. ஒரு வாரம் என்கிட்ட பேசல. இந்த ஆளு மாற மாட்டாரு, நாம ஊருக்குப் போயி பிள்ளையோட இருந்துக்கிடலாம்னு நான் பெட்டிய எடுத்து வெளியில வெச்சது ஒங்களுக்குத் தெரியாது.

— தெரியும். பாத்தேன்.

— ஒண்ணும் கேக்கலியே நீங்க?

— என்னன்னு கேக்க? சரி, அதெல்லாம் போச்சு. நல்ல சேதி வந்த அன்னைக்கு எதுக்கு அந்தப் பேச்சு? இன்னைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் முனியசாமி வருவான். இந்தத் தடவ கெக்க நானே நிறைக்கேன். சீனிய கொஞ்சம் கூட்டி, நல்லா ஏறுத மாதிரி.

— வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? டாக்டரே எழுதித் தந்துட்டாரு, தொடர்ந்து இப்படியே குடிக்கவும்னு.

— இருக்கவும்னுதான் எழுதியிருக்காரு.

— எல்லாம் ஒண்ணுதான். பீரு ஊறுத அந்த வாளிய இங்க எடு.

— இஞ்ச பாருங்க ஜெகின் அப்பா. வாளியில ஒண்ணும் இல்ல.

— முந்தாநாள் நிறைய இருந்துதே?

— நேத்து பாத்ரூம்ல ஊத்திட்டேன். போன தடவையும் ஊத்தினேன். அதுக்கு முந்துன தடவையும். வாசம் வராம இருக்க டெட்டால் ஊத்தி உரசி உரசி எனக்க கை தோலு உரிஞ்சு போச்சு.

— அப்பம் கெக்குல இருந்தது?

— கடையில டின்னுல விக்குத மால்ட்டு, போதையில்லாத பீரு. பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுக்காங்களே, அது. டின்ன ஒடச்சு ஊத்தி, நீங்க காட்டித் தந்த மாதிரியே கேஸ் ஏத்தி வெச்சுருவேன். நுரையெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு.

— எப்பம் இருந்து?

— மொதல்ல பாதிக்குப் பாதி. ஒரேயடியா நிறுத்தினா ஒங்களுக்குக் கை நடுங்கும், ஃபிட்ஸ் கூட வரும். வார்டுல அப்படி வந்து நான் பாத்திருக்கேன். அதனால மருந்து கொறைக்குத மாதிரி கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சேன். ராத்திரி நீங்க தூங்கும்போ நாடி பிடிச்சுப் பாப்பேன். இப்பம் மூணு மாசமா ஒரு சொட்டு கிடையாது.

— மூணு மாசம்.

— ஆமா.

— அப்பம் முனியசாமி?

— அவரும்தான்.

— ஏ புள்ள, அவன் ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டு வாராவாரம் அழுதானே! மொதலாளி கஃபீலு பாஸ்போர்ட்ட வெச்சுக்கிட்டு லீவு தர மாட்டேங்கான், அம்மைக்க சாவுக்குப் போவ முடியலன்னு. போன வாரம் வாந்தி வேற எடுத்தான்.

— வாந்தி எடுத்தது நீங்க செஞ்ச மீன்கறியினால.

— அவனால நிக்க முடியல ஜெஸ்மி! நான்தான் டாக்சி வரைக்கும் தோள்ல தாங்கிக்கிட்டுப் போனேன்.

— பாவம் அந்த மனுசன். அழதுக்கு அவருக்கு ஒரு எடம் வேணும், கையில ஒரு கிளாஸ் வேணும். கிளாசுக்குள்ள என்ன இருந்தா என்ன?

— மால்ட்டக் குடிச்சுட்டு மலையாளம் பேசினானே அவன்.

— சிரிக்கியளா? எனக்கு இங்க சிரிப்பு வரல. திட்டுததுன்னா திட்டிருங்க. முன்ன ஒருக்கா ஒரே ஒரு பாட்டில்ல மாத்தி ஊத்தி, மூடிய அடிச்சு வெச்சுப் பாத்தேன். திறந்த சத்தத்துலயே கண்டுபிடிச்சுட்டிய. அன்னைக்கு நீங்க போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதுல கிடக்கு.

— அன்னைக்கு நான் பேசினது தப்பு.

— கெக்கு வந்தப்பெறவு நானே நம்பல. மூடி இல்ல, சத்தம் இல்ல, உள்ள என்ன கெடக்குன்னு வெளிய தெரியாது. சைட்ல வேலை கூடிப் போச்சு, இனி நீயே நிறைச்சிருன்னு வேற சொல்லிட்டிய. கர்த்தரே பாத்து வழி தொறந்தாருன்னு மண்டி போட்டேன். ஆனா கட்டின புருசன ஏமாத்துதேனேன்னு வெள்ளிக்கிழமை தோறும் யேசப்பாகிட்ட மன்னிப்பு கேப்பேன். கோவமா ஒங்களுக்கு?

— ஜெஸ்மி, இங்க வந்து இரு. நான் எத்தன வருசமா இத காச்சுதேன்? மூடி சத்தத்துல கண்டுபிடிச்சவனுக்கு நாக்குல தெரியாதா?

— என்ன சொல்லுதிய?

— பாதிக்குப் பாதி ஊத்தின அன்னைக்கே தெரியும்.

— பின்ன இத்தன நாளா ஏன் ஒண்ணும் சொல்லல?

— சொன்னா நீ நிறுத்திருவ. நிறுத்தினா நான் பழையபடி ஆயிருவேன்.

— அப்பம் இப்பம் நானே நிறைக்கேன்னு சொன்னது?

— நீ வாய் திறக்கணும்லா. இனி ரெண்டு பேரும் நடிக்காண்டாம். அந்த வாளியும் வேண்டாம், மஹ்மூதுக்க கம்பப் பாத்துப் பயப்படவும் வேண்டாம்.

— விடணும்னு இருந்தா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் கூட நின்னிருப்பேனே.

— பெட்டிய வெளியில கண்ட அன்னைக்கு சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. விடுதேன்னு சொல்லிட்டு விட முடியாமப் போனா ஒனக்க முகத்துல எப்படி முழிப்பேன்? எனக்குப் பயமா இருந்துச்சு புள்ள. நானா விடக்கூடிய ஆளு நான் இல்ல.

— அப்படின்னா அடுத்த வாரமே பிள்ளைக்க பீஸ் ரூவாய எடுத்து அந்தக் கெக்க எதுக்கு வாங்கினிய?

— மூடி அடிச்ச பாட்டில்னா ஒன்னால எதையும் மாத்த முடியாதேன்னுதான்.